ஒழிக்கச் சொன்ன மருந்து

ஐம்பதுகளின் நடுவில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கிளார்க்காக இருந்தேன். ஒருநாள் செடிகளுக்கிடையே குனிந்தபோது இலை நுனி வலக்கண்ணில் குத்தியது. மூன்றாம் நாள் கண் தக்காளியாகி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. மலையிறங்கிப் போய்ப் பார்த்த மலையாள டாக்டர், இது அபூர்வமான புண், விட்டால் பார்வை போகும் என்றார். பெனிசிலின் சொட்டுமருந்து இரண்டு புட்டி கொடுத்து, "ஓரோ மணிக்கூறும் மருந்து ஒழிக்கணும்" என்றார்.

எனக்கு மலையாளம் தெரியும் என்பது தோட்டம் முழுக்க நானே பரப்பியிருந்த செய்தி. ஆகவே ஒரு மணியோடு மருந்தை நிறுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் இரண்டு தடவை சொட்டு விட்டு, ஒரு மணி அடித்ததும் புட்டிகளைப் பெட்டியில் போட்டு மூடி மருந்தை ஒழித்துக்கட்டினேன்.

மாலைக்குள் வலி மண்டையைப் பிளந்தது. மனைவி கேட்டாள்: "ஏங்க, ஒழிக்கச் சொன்ன மருந்தையா ரெண்டு புட்டி குடுத்தனுப்புவாரு?"

"டாக்டர் பேச்சு உனக்குப் புரியாது."

"புரிஞ்சவரு கண்ணு ஏன் இந்த லட்சணத்துல இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் தோட்டத்து நர்ஸைக் கையோடு கூட்டிவந்தாள். அந்த மலையாளத்து அம்மாள் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "எங்க பாஷையில ஒழிக்கறதுன்னா ஊத்தறது, சாரே! மணிக்கொரு தடவை ஊத்தணும். நீங்க கண்ணையல்லவா ஒழிக்கப் பாத்தீங்க!"

அதன்பின் என் கண் மனைவியின் நிர்வாகத்துக்குப் போனது. கடிகாரம் பார்க்கத் தெரியாதவள் அன்றைக்கே நர்ஸிடம் கற்றுக்கொண்டாள். சூடுபட்டால் மருந்து கெடும் என்றும் அவர் சொன்னார். புட்டியை ஈரமணலில் புதைத்துவைத்தாள். உலை கொதித்தாலும் சரி, அட்டைக்கடியில் கால் அரித்தாலும் சரி, மணி தவறவில்லை. கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து மருந்தை விடுவாள். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் விழுந்ததில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அலறுவேன்.

"வாயை மூடிட்டுக் கண்ணைத் தொறங்க" என்பாள்.

பத்து நாள். நான் படித்த புத்தகங்களில் இவ்வளவு கவனமாக யாரும் எதையும் காத்ததாக நினைவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். இடக்கண்ணைப் பொத்தி, சுவரிலிருந்த மலையாள எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். நான் விழித்தேன். பக்கத்தில் மனைவிக்கு மூச்சே நின்றுவிட்டது.

"எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது டாக்டர்" என்றேன். "படிக்கத்தான் தெரியல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது முன்னயும் தெரியாதுங்க" என்றாள் டாக்டரிடம்.