கதவோரத் தூணில் ஒரு போஸ்டர்

பார்த்தசாரதிக்குச் சுவர்களைத் தெரியும். மனிதர்களைவிட நன்றாகத் தெரியும் என்று அவர் மனைவி ரங்கநாயகி ஒரு காலத்தில் கேலி செய்வாள்.

வங்காளத்தின் கிடர்பூர் துறைமுகத்தில், பாதுகாப்புப் பிரிவில், முப்பத்துநாலு வருஷ உத்தியோகம். பெயர்தான் பெரிது. அவர் செய்ததெல்லாம் கிடங்குச் சுவர்களில் போஸ்டர் மாட்டியதுதான். தொங்கும் சுமைக்குக் கீழே நிற்காதே, தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வராதே, புகை பிடிக்காதே. செங்கல் சுவர் என்றால் ஆணி இறங்கிவிடும். அங்கே இருந்ததெல்லாம் பெயின்ட் அடித்த காங்கிரீட். ஆணி வளையும், இல்லாவிட்டால் தெறித்து முகத்தில் அடிக்கும். பசை தடவி ஒட்டினால் மழைக்காலத்தில் சுவர் வியர்த்து, காலையில் போஸ்டர் தரையில் கிடக்கும். ஆகவே அவர் முதலில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிப் பிய்த்துப் பார்ப்பார். டேப்போடு பெயின்ட் பொடி வந்தால் அந்த இடம் வேண்டாம். வராவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்தி ஒட்டுவார்.

அதைவிட முக்கியமான ஒன்று அவர் தானாகக் கண்டுபிடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் போகும் வழியில் போஸ்டரை இடுப்பு உயரத்துக்கு மாட்டினார். புதிதாக வந்த ஓர் அதிகாரி, "என்ன சாரதி, நாய் படிக்கறதுக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "மூட்டையோட போறவன் நிமிர்ந்தா சார் நடக்கறான்?" என்றார் இவர். யார் படிக்க வேண்டுமோ அவன் கண் எங்கே போகிறதோ அங்கேதான் போஸ்டர். எந்தக் கிடங்கில் இந்தி, எங்கே வங்காளம் என்பதும் அவருக்கு மனப்பாடம். ஒரு தடவைகூட மாற்றி மாட்டியதில்லை.

ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து, லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி வாடகை வீட்டில், மறுபடி போஸ்டர் மாட்ட வேண்டி வந்தது.

ரங்கநாயகிக்கு மறதி நோய். முதலில் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள். பிறகு, வீட்டை விட்டு இறங்கிப் போக ஆரம்பித்தாள். இவர் மருந்துக்கோ பாலுக்கோ போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவாள். ஒரு தடவை ஏரிக்கரையில் கிடைத்தாள். ஒரு தடவை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். வேலைக்கு வைத்த ஆயாவைத் திருடி என்று சொல்லி விரட்டினாள். வெளியே பூட்டிக்கொண்டு போன அன்று கதவை அடித்து அடித்துக் கை வீங்கி, கட்டடமே கூடிவிட்டது. பூட்டவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

பெங்களூரிலிருந்து மகள் அக்‌ஷயா பேசினாள்.

"அப்பா, கோயம்புத்தூர்ல இந்த மாதிரி பேஷண்ட்ஸுக்குன்னே ஒரு ஹோம் இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். நன்னா பாத்துக்கறா."

"நானும் அங்க இருக்கலாமா?"

"பேஷண்ட்ஸ் மட்டும்தான்பா. நீங்க என்னோட வந்து இருங்கோ."

"நாப்பத்துநாலு வருஷமா சேர்ந்தே இருக்கோம், அக்‌ஷயா."

"அதனாலதான் இவ்ளோ நாள் பொறுத்தேன். இன்னொரு தடவை அம்மா வெளில போனா, நான் வந்து அழைச்சுண்டு போயிடுவேன். சொல்லிட்டேன்."

ஃபோனை வைத்ததும் பார்த்தசாரதி எழுந்து போய் வாசல் கதவை ஒட்டிய தூணைத் தட்டிப் பார்த்தார். காங்கிரீட். வீட்டுக்காரர் போன வருஷம்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். ரங்கநாயகியை அங்கே நிற்கவைத்து, அவள் கண் உயரத்துக்கு பென்சிலால் ஒரு கோடு போட்டார். மஞ்சள் அட்டையில் சிவப்பு மையால், விரல் பருமன் எழுத்தில் எழுதினார்: 'வெளியே போகாதே. நான் பால் வாங்கப் போயிருக்கிறேன். இதோ வந்துவிடுவேன்.' ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். இருபக்க டேப்பைச் செங்குத்தாக மூன்று வரிசை ஒட்டினார். வெயில் ஏறிச் சுவர் காய்ந்த பிறகு அழுத்தினார். இழுத்தாலும் வராது.

"எப்படி இருக்கு, ரங்கா?"

அவள் அட்டையைத் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்கே. எங்க வாங்கினேள்?"

"படிச்சியோ?"

"படிக்காம?"

அவருக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தால் கதவு அகலத் திறந்து கிடந்தது. போஸ்டர் இருந்தது. அவள் இல்லை.

ஒரு மணி நேரம் தெருத் தெருவாக அலைந்த பிறகு ஃபோன் வந்தது. புடவைத் தலைப்பில் அவர் தைத்து வைத்திருந்த இரண்டு எண்களைப் பார்த்து, பவானிபூரிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்காரர் கூப்பிட்டார். டாக்ஸியில் போய் இறங்கினபோது ரங்கநாயகி கடை ஸ்டூலில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதிரே அவள் படித்த பள்ளிக்கூடம்.

"வாங்க தாதா," என்று வங்காளத்தில் அண்ணன் முறை சொல்லிச் சிரித்தார் கடைக்காரர். "உங்க மிஸஸுக்கு மறதின்னு யார் சொன்னது? இந்தத் தெருவுல இருக்கிற அத்தனை போர்டையும் படிச்சாச்சு. அதோ அந்தச் சுவர்ல இருக்கிற எலெக்ஷன் விளம்பரத்தை முழுசாப் படிச்சுட்டு, 'இவன் போன தடவையும் இதைத்தான் சொன்னான்'னு சொல்றாங்க."

பார்த்தசாரதி சிரிக்கவில்லை. அந்தச் சுவரில் இருந்த வங்காள எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரங்கநாயகி பிறந்து வளர்ந்தது பவானிபூரில். அவள் அப்பா சணல் கம்பெனியில் குமாஸ்தா. நடந்தே போய்வரலாம் என்று இந்த வங்காளப் பள்ளியில் சேர்த்திருந்தார். தமிழ் அவளுக்கு வீட்டில் பேசத்தான் தெரியும், ஓர் எழுத்துத் தெரியாது. கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பார்த்தசாரதிதான், முதல் மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகைகளை வைத்து அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அதற்கப்புறம் நாற்பது வருஷம் அவள் தமிழ்தான் படித்தாள். அவருடைய அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு காலம் இருந்ததையே அவர் மறந்துபோயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைத் தூணின் முன்னால் நிறுத்தினார். "இதுல என்ன போட்டிருக்கு, சொல்லு பாக்கலாம்."

அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "கோலம் மாதிரி இருக்கு," என்றாள். "புள்ளி வைக்கத் தெரியாதவா யாரோ போட்டிருக்கா."

அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். கூலிக்காரன் கண் எங்கே போகும் என்று பார்த்துப் பார்த்து மாட்டியவர், சொந்தப் பெண்டாட்டிக்கு எந்த எழுத்து என்று யோசிக்கவில்லை. கடைசியில் வந்தது முதலில் போகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது தலையாட்டினாரே தவிர, அவளுக்குள் வந்த வரிசையில் தான் எங்கே நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

கடைக்காரர் புடவைத் தலைப்பிலிருந்த இரண்டாவது எண்ணுக்கும் பேசியிருந்தார். அது அக்‌ஷயாவுடையது.

"டிக்கெட் போட்டுட்டேன்பா. பூஜை லீவுக்கு வரேன்."

"தப்பு என்னோடது. தமிழ்ல எழுதிட்டேன். வங்காளத்துல எழுதி மாட்டினா அவ கேப்பா."

"போஸ்டரா? அப்பா, அம்மா என்ன உங்க டாக்யார்டா?"

"மூணு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு தடவைகூட வெளில போகலேன்னா விட்டுடு."

"சரி, ஒரு தடவைகூட," என்றாள் அவள்.

பார்த்தசாரதிக்கு வங்காளம் சரளமாகப் பேச வரும், எழுத வராது. கீழ் வீட்டு டும்பா டியூஷன் எடுப்பவள், அச்சு மாதிரி எழுதுவாள். அவளைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: 'வீட்டுக்குள்ளேயே இரு. உன் கணவர் பால் வாங்கப் போயிருக்கிறார். அவர் வரும்வரை யாருக்கும் கதவைத் திறக்காதே.'

"உங்க பேரையும் போடட்டுமா, மேஷோமஷாய்?" மாமா என்பதை வங்காளத்தில் அப்படித்தான் சொல்வாள்.

"வேண்டாம்மா. போஸ்டர்ல வார்த்தை கூடினா யாரும் படிக்க மாட்டா. கணவர்னா தெரியும்."

பழையதைப் பிய்த்தபோது பச்சைப் பெயின்ட்டும் கூடவே உரிந்து வந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, புதிதாகத் துடைத்து, புதியதை ஒட்டினார். கையை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ரங்கநாயகி அதைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கிற சிறுமியின் ராகம். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. படித்து முடித்துவிட்டு, சொன்னபடியே, சோபாவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டும்பா கைதட்டினாள். பார்த்தசாரதி தூண் பக்கம் திரும்பி, ஒட்டியாகிவிட்ட போஸ்டரையே மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார்.

அது வேலை செய்தது. முதல் நாள் பத்து நிமிஷத்தில் ஓடி வந்தார், அவள் அங்கேயே இருந்தாள். மறுநாள் இருபது நிமிஷம். அவர் கதவைத் தட்டி, "நான்தான் ரங்கா," என்றால் வந்து திறப்பாள். "பால் கிடைச்சுதா?" என்பாள், தமிழில். ஒரு வாரம் போனதும் அதே கேள்வியை வங்காளத்தில் கேட்டாள். அதற்குப் பிறகு, கதவைத் திறந்துவிட்டு ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்பாள். பையில் இருக்கும் பாலைப் பார்த்த பிறகே வழி விடுவாள். அவர் அதைக் கவனிக்காதது போல் உள்ளே போய்விடுவார். அக்‌ஷயா தினமும் கேட்டாள், அவர் தினமும், "போகலை," என்றார்.

பூஜைக்கு நான்கு நாள் முன்னால், தெருக்கோடியில் பந்தல் வேலை முடிந்து மைக் கத்திக்கொண்டிருந்த காலையில், அவர் பாலோடு மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்.

"கே?" என்றது உள்ளிருந்து அவள் குரல். யார் என்று.

"நான்தான் ரங்கா."

சாவியைப் போட்டுத் திருப்பினார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"ரங்கா, நான்தான். கதவைத் திற."

அவளுக்கு அந்தத் தமிழ் எட்டவில்லை போலிருந்தது. அவர் வங்காளத்தில் சொன்னார். அவளும் வங்காளத்திலேயே, கண்டிப்பாக ஆனால் மரியாதையோடு, பதில் சொன்னாள். "அவர் வீட்டில் இல்லை. பால் வாங்கப் போயிருக்கார். அவர் வராமல் திறக்கக் கூடாது. அப்புறம் வாங்க."

"நான்தான் அவர்."

உள்ளே போஸ்டரைப் படிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வரியையும், அதே ராகத்தில். படித்துவிட்டு, "எழுதியிருக்கு," என்றாள்.

அவர் இன்னும் இரண்டு தடவை தட்டினார். அதற்குமேல் தட்டினால் பயந்துவிடுவாள் என்று படிக்கட்டில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டு டும்பா மேலே வந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் கதவருகே போய், "மாஷிமா, நான் டும்பா. தெரிஞ்சவர்தான் வந்திருக்கார்," என்றாள். தாழ்ப்பாள் விலகியது.

ரங்கநாயகி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். "உட்காருங்க. அவர் வர நேரம்தான்," என்றாள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டினாள். அவர் அதில் உட்கார்ந்தார்.

அவர் நீட்டிய பால் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "நீங்களும் பாலா? அவரும் வாங்கிண்டு வருவார். இவ்வளவு பாலை வச்சுண்டு நான் என்ன பண்றது?" என்று டும்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். டும்பா சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

காபி வந்தது. ரங்கநாயகி முதல் தம்ளரை அவரிடம் கொடுத்தாள். இன்னொன்றை அவருடைய நாற்காலிக்கு முன்னால் வைத்து, ஒரு தட்டால் மூடினாள்.

அப்போது அக்‌ஷயா கூப்பிட்டாள்.

"அப்பா, எங்க இருக்கேள்? ஒரே சத்தமா இருக்கு."

"ஆத்துலதான். பந்தல்ல மைக்."

"அம்மா இன்னிக்கு வெளில போனாளா?"

அவர் ரங்கநாயகியைப் பார்த்தார். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றார். "நான் சொல்லிட்டுப் போனபடியே உள்ளே இருந்தா."

"நெஜமாவா? போஸ்டர் கேட்டுதா?"

"கேட்டுது."

"சரி, ஹோமுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். ஜெயிச்சுட்டேள்பா."

அவர் ஃபோனை மடியில் வைத்தார். ரங்கநாயகி மூடியிருந்த தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிண்டே இருக்கு," என்றாள் வங்காளத்தில், அவரைப் பார்த்து, ஒரு விருந்தாளியிடம் சொல்கிற கூச்சத்தோடு. "ஒரு நாளும் இவ்வளவு நேரம் ஆக்க மாட்டார்."

"வந்துடுவார்," என்றார் பார்த்தசாரதி.

"நீங்க வழியில பாத்தேளா?"

"பாத்தேன். கடையில கூட்டம்."

அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள்.