ஆட்டு மாத்திரையும் தபசு காலமும்

அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டர். கம்பவுண்டர். எங்கள் வள்ளத்துத் தண்டல். என் மனைவி. அவள் தாயார். பிறகு நான்.

யுத்தம் முடிந்திருந்தது. அரிசி இன்னும் ரேஷனில்தான் கிடைத்தது. நான் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவன். கல்லைப் பிடித்துக்கொண்டு கடலின் அடிக்குப் போய், மூச்சு இருக்கும்வரை சங்கு பொறுக்கி மேலே வருவது. அந்த வருஷம் முடியவில்லை. உடம்பு ஊதிப்போயிற்று. கண்ணிமை தடித்தது. குரல் கம்மிவிட்டது. வெயிலில் நின்றாலும் குளிர்ந்தது, வேர்க்கவில்லை. நடை மெதுவாயிற்று, பேச்சும் மெதுவாயிற்று. பேச்சு முன்பே குறைவு என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

வள்ளத்தை நடத்துகிற தண்டல்தான் என்னை இழுத்து வந்தார். அவரே பேசினார்.

“ஐயா, இவன் நல்ல குளியாளு. இப்பம் எருமை கணக்கா தண்ணியில கெடக்கான். அடிக்குப் போவ மாட்டக்கான்.”

டாக்டர் நாடி பார்த்தார். கழுத்தைத் தடவினார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எழுந்தது, இறங்க நேரம் எடுத்தது. கழுத்துக்குள் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு, அது சோம்பிவிட்டது என்றார். அதற்குத் தினம் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. ஏறின எடைக்கு வேறு வழி சொன்னார். சோறு, கிழங்கு, பயறு, கருப்பட்டி, வாழைப்பழம் எதுவும் கூடாது.

“மாத்திரை சுரப்பிக்கு. சாப்பாடு எடைக்கு. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு ஆகாது, தெரியுதா?”

“சோறு இல்லாம மனுசன் எப்படிய்யா இருப்பான்?” என்றாள் மாமியார்.

“மீன் சாப்பிடட்டும். முட்டை, கொழுப்போட ஆட்டுக்கறி, தேங்காய், நெய், கீரை. உடம்பு தன் கொழுப்பையே எரிச்சுக்கும்.”

“விருந்துல்லா சொல்லுதாரு,” என்றார் தண்டல். “எனக்கும் அந்த வியாதி இருக்கான்னு பாருங்கய்யா.”

வெளியே வந்தபோது கம்பவுண்டர் மாத்திரைப் புட்டியை என் கையில் வைத்தார். ஆட்டின் கழுத்துச் சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்தது, கப்பலில் வருவது, நனைத்துவிடாதே என்றார்.

நெய்க்கு நாங்கள் எங்கே போவது. தேங்காய் எண்ணெய்தான். சாளை மீன் கொழுத்து வந்த நேரம். மனைவி அதைத் தேங்காய்ப் பாலில் வைத்துத் தருவாள். முருங்கைக்கீரை, முட்டை. எப்போதாவது கறி. முதல் வாரம் தலை வலித்தது, கால் தள்ளாடியது. உப்புக் கூடப் போட்டுக்கொள் என்றார் டாக்டர். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம். பிறகு பழகிவிட்டது. பசி வந்து நச்சரிக்கவில்லை. வள்ளத்தில் மற்றவர்கள் பழையதைப் பிழிந்து வைத்துச் சாப்பிடுவார்கள். நான் அவித்த முட்டையும் தேங்காய்ச் சில்லும் தின்பேன்.

வாயில் ஒரு வாடை வந்தது. அழுகின பழம் போல. ஒருநாள் விடியலில் தண்டல் என் முகத்தருகே வந்து மோந்தார்.

“ஏலே, இப்பமே கள்ளு ஏத்திட்டு வந்திருக்கியா?”

“இல்லண்ணே. சோறு திங்காத வாடை.”

“சோறு திங்காட்டா இம்புட்டு வாடையா? அப்ப குடிகாரன்லாம் பட்டினி கெடக்கவனா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமியாருக்குத்தான் வருத்தம். மருமகனுக்குச் சோறு போடாத வீடு என்று தெருவில் பேசுவார்களாம். ஆனால் என் பங்கு அரிசி மிச்சமாயிற்று. பிள்ளைகள் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சாளையை முள் எடுத்துத் தின்பது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்குள் இமை வற்றியது. வேட்டி இடுப்பில் இறங்கியது. வேர்வை திரும்பி வந்தது. கடலில் நாளுக்கு முப்பது சங்குக்குக் குறையாமல் எடுத்தேன்.

பிறகு தபசு காலம் வந்தது. விபூதி புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி ஏறாது. அதைச் சுத்தபோசனம் என்போம். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும் மனைவி கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். மாத்திரைப் புட்டியையும் அதன் பக்கத்தில் வைத்தாள். அன்றோடு மாத்திரையும் நின்றது. ஆட்டில் செய்தது, அவ்வளவுதான். மீனும் தேங்காயும் முன்போலவே நடந்தன. சோற்றைத் தொடவில்லை.

தபசில் பாதி போவதற்குள் பழையபடி குளிர்ந்தது. கல்லைப் பிடித்து இறங்குவேன், பாதியில் கை விட்டுவிடும். ஒருநாள் எட்டுச் சங்கு. மறுநாள் ஐந்து.

தண்டல் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மணப்பாட்டுக்காரன் ஒருத்தன் வேலை கேட்டு நிக்கான். நல்ல மூச்சுக்காரன். உயிர்த்த ஞாயிறு கழிஞ்சு மொத நாளு நீ எறங்கு. முப்பதுக்குக் கொறைஞ்சா ஒன் எடம் அவனுக்கு. என்னைக் கொறை சொல்லாத.”

“சொல்ல மாட்டேண்ணே.”

எனக்கு வேறு தொழில் தெரியாது. மனைவி அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்ததும் கோபப்பட்டார். “சோறு தின்னியா?”

“இல்லய்யா.”

நம்பவில்லை. சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். கம்பவுண்டர் அதில் ஏதோ மருந்து ஊற்றினார். கத்தரிப்பூ நிறம் வந்தது.

“சோறு தின்னவனுக்கு இந்த நெறம் வராதுங்க,” என்றார் கம்பவுண்டர்.

“அப்ப மாத்திரை?”

“அதை விபூதி புதனோட நிறுத்தியாச்சுல்லா,” என்றாள் மனைவி. “ஆட்டுலல்லா செய்யுதாவ.”

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அதுக்கு முன்னாடியாவது ஒழுங்கா போட்டானா?”

“வெள்ளிக்கிழமை கறி ஆகாதுல்லா, அன்னைக்கு மாத்திரையும் எப்பவுமே கெடையாதுய்யா.”

“மீன் மட்டும் தின்னலாமா?”

“மீனு கறிக் கணக்குல வராதேய்யா.”

இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதது எங்களுக்கு ஆச்சரியம். அவர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான் சொன்னா கேக்க மாட்டீங்க. உங்க சாமியார்கிட்ட போங்க. மாத்திரை இல்லாம கடல்ல இறங்கினா ஒருநாள் மேல வர மாட்டான்னு சொல்லுங்க.”

பங்குச் சாமியார் கோயிலுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

“மருந்துக்கு ஏது சுத்தபோசனம்? நோயாளி கறியே தின்னலாமே. ஏன் என்கிட்ட கேக்கல?”

“கேக்கணும்னு தோணல சாமி.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை. என் முன்னால போடு.”

மனைவி முந்தியிலிருந்து புட்டியை எடுத்தாள். அவரே தண்ணீர் கொண்டுவந்தார். விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் மாமியாரிடம் சொன்னோம்.

“சாமி சொன்னாச் சரி. ஆனா ஆட்டு மாத்திரைக்கு நம்ம செம்புல தண்ணி குடிக்காண்டாம் மருமவனே.”

சிரட்டையில் குடித்தேன். தபசு முடியும்வரை வாசலுக்குப் போய்த்தான் போட்டேன். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தினமும் போட்டேன், வெள்ளிக்கிழமையும். பத்துப் பன்னிரண்டு நாளில் போர்வை வேண்டியிருக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைத் தூக்கிச் சுற்றி வந்தபோது வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. மனைவி பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். ஜெபத்தின் நடுவில் சிரித்ததற்காக அவள் தாயாரிடம் கிள்ளு வாங்கினாள்.

திருநாள் விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமைதான் முதலில் கடலுக்குப் போனோம். மணப்பாட்டுக்காரனும் வள்ளத்தில் இருந்தான். அமைதியான ஆள். எனக்கு ஒரு வணக்கம் வைத்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்.

கல்லைப் பிடித்தேன். இறங்கினேன். அடி மணல் காலில் தட்டியது. தண்ணீர் குளிர்ந்தது, ஆனால் குளிர் எலும்புக்குள் போகவில்லை. அது போதும். திரும்பத் திரும்ப இறங்கினேன். நடுவில் ஒரு முட்டை தின்றேன். வெயில் சாயும்போது வள்ளம் திரும்பியது.

கரையில் தண்டல் என் சங்குகளைத் தனியே கொட்டி, எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டு எண்ணினார். இருபத்தைந்து வரை முகத்தில் ஒன்றும் இல்லை. முப்பது தாண்டியதும் மணப்பாட்டுக்காரனைப் பார்த்து, “ஒனக்கு வேற வள்ளம் பாத்துத் தாரேன்,” என்றார். எண்ணுவதை நிறுத்தவில்லை. கடைசிச் சங்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

நாற்பத்திரண்டு.