வாங்கோ, இருங்கோ, பிறகு திருத்துங்கோ

போன கிழமை முருங்கனில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துக் கடையில் யாருடைய அடையாள அட்டையையோ லமினேற் செய்துகொண்டிருந்தார்கள். சூடான பிளாஸ்ரிக் மணம். உங்களுக்கு அது தலையிடி தரலாம். எனக்கு அது வாலிப வயதின் மணம். மற்றவர்களுக்கு மல்லிகை, மழை மண் என்று என்னென்னவோ வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது இதுதான், என்ன செய்ய!

மன்னார் பஜாரில் அப்போது ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தேன். போட்டோக் கொப்பி, தட்டச்சு, லமினேற், இரண்டு கணினி, வாசல் நிழலில் நிரந்தரமாகக் கழுதைகள். வேலையில்லாத நேரமெல்லாம் விக்கி. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற அந்தக் கலைக்களஞ்சியத்தில் எனக்கு அப்படியொரு விசர். மன்னாரைப் பற்றி மன்னார்ச் சனம்தான் எழுத வேண்டும் என்று, கொப்பி எடுக்க வந்தவர்களையெல்லாம் பிடித்து இருத்துவேன். அவர்களுக்குக் கொடுக்க, விக்கியில் எழுதும் விதிகளெல்லாம் அடங்கிய ஒரு தாளும் வைத்திருந்தேன். சதுர அடைப்பு எங்கே, நெளி அடைப்பு எங்கே என்று இரண்டு பக்கமும் நெருக்கி அடித்தது. கைவசம் மெசின் இருக்கிறதே, லமினேற்றும் செய்தாயிற்று. வாங்கியவர்கள் அதால் விசிறிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

அந்த நாளில்தான் செல்வராணி அக்கா வந்தார். இலுப்பைக்கடவைப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருக்கு. சிறுமியாகப் படகேறி, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பித் தையல் மெசின் போட்டிருந்தவர். பேச்சில் இரண்டு கரையும் இருக்கும்.

"தம்பி, நெட்டுல எங்கட ஊரைப் பத்திப் பொய் கிடக்கு. எடுத்துவிடணும்."

பார்த்தேன். விக்கியில் அந்த ஊருக்கு மூன்றே வரி. கடைசி வரி, 'இடப்பெயர்வின் பின் இங்கு மக்கள் வசிப்பதில்லை.' யாரோ எழுதிய காலத்தில் அது உண்மைதான். சனம் திரும்பிய பிறகு அதை யாரும் தொடவில்லை.

அக்காவின் தங்கை குடும்பம் அப்போதும் முகாமில் இருந்தது. தங்கைக்கு வர ஆசை. கணவர் அந்த வரியைப் போனில் காட்டி, "ஆளில்லாத காட்டுக்கா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்ற?" என்று மடக்கிவிட்டாராம். அக்கா எவ்வளவு சத்தியம் பண்ணியும் எடுபடவில்லை. "நான் பேசுறதை விட்டுட்டு நெட்டை நம்புறார் தம்பி. கூடப் பிறந்தவள் வாறதும் வராததும் இந்த ஒரு வரியில நிக்குது" என்று கண் கலங்கினார்.

நான் என்ன செய்தேன்? தாளை நீட்டினேன்! அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க வெட்டுறது, எங்க தைக்கிறது?" என்று கேட்டார்.

சரியென்று பக்கத்தைத் திறந்து, அந்த வரியை அழிக்கச் சொன்னேன். கையை எடுத்துவிட்டார். "சேச்சே, இன்னொருத்தர் எழுதினதை நான் அழிக்கிறதா? அவர் என்ன நினைப்பார்?" எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அழிக்காமல் அதன் கீழேயே எழுத்தெழுத்தாகத் தட்டினார்: 'ஐயா, நாங்கள் வந்துவிட்டோம். ஊரில்தான் இருக்கிறோம். ஒருக்கா வந்து பாருங்கோ. செல்வராணி.'

கலைக்களஞ்சியத்துக்குள் விருந்தழைப்பு! தேநீர் ஆறமுன் அது போய்விட்டது. எங்கோ இருந்த ஒருவர் 'விசமத் தொகுப்பு' என்று துடைத்துவிட்டார். "பாத்தீங்களா, இருக்கிறம் எண்டு சொன்னாலும் இல்லை எண்டுறாங்கள்" என்றார் அக்கா. எனக்கு வந்ததே ஒரு கோபம்! எங்கள் பக்கத்தில் வாசல் படலையில் ஆள் நின்றால் 'வாங்கோ, இருங்கோ' என்பதுதான் முதல் பேச்சு; வந்த அலுவல் தேநீருக்குப் பிறகு. விக்கியின் படலையில் முதல் பேச்சே அதட்டல். என் தாள் அந்த அதட்டலுக்கு அண்ணன்.

தாள்கள் அத்தனையையும் அலுமாரிக்குப் பின்னால் எறிந்தேன். அக்காவின் கதிரையைக் கிட்ட இழுத்து, 'வரலாறு' என்ற பொத்தானை மட்டும் காட்டினேன். "அழிச்சாலும் அழியாது அக்கா. அவர் எழுதினதும் இஞ்ச கிடக்கும், நீங்கள் எழுதினதும் கிடக்கும்."

பழைய வரி அங்கே பத்திரமாக இருப்பதைக் கண்ட பிறகுதான் விரல் அசைந்தது. "அப்பச் சரி, அவருக்குக் குறையில்ல" என்று தானே அழித்து, 'மக்கள் மீளக் குடியேறி வாழ்கிறார்கள்' என்று போட்டார். ஆதாரத்துக்கு ஒரு மீள்குடியேற்ற அறிக்கையை நான் தேடி இணைத்தேன். துடைத்தவருக்கும் எழுதினேன்: 'இவர் அந்த ஊர்க்காரர், விக்கிக்குப் புதிது. முதலில் வாங்கோ சொல்லுங்கள்.' பாவம், நல்ல மனிதர். 'மன்னியுங்கள் அம்மா, வாருங்கள்' என்று உடனே பதில் வந்தது. அக்கா அதை வாய்விட்டு வாசித்துச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு ஊரையே கூட்டி, தையல் மெசினை முன்னால் வைத்து, ஒரு படமும் எடுத்து ஏற்றினோம்.

அன்றிலிருந்து என் முறை இதுதான். முதலில் கதிரை. பிறகு வந்தவரை உறுத்துகிற ஒரே ஒரு வரி. பிறகு அந்த வரலாற்றுப் பொத்தான். அடைப்புக்குறியெல்லாம் பிறகு ஆறுதலாகப் படிக்கலாம். இப்படி வந்தவர்கள்தான் இன்று தலைமன்னார் இறங்குதுறைப் பக்கத்தை வைத்து என்னோடேயே சண்டை பிடிக்கிறார்கள். இந்த முறை ஒருநாளும் தவறாது, அடித்துச் சொல்வேன்.

கடை இப்போது இல்லை. அந்த அடைப்புக்குறிகளும் போனில் ஒரு பென்சில் படத்துக்குப் பின்னால் ஒளிந்துவிட்டன. பஸ்ஸில் ஏறி இருந்ததும் அக்காவின் ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். 'மக்கள் வசிப்பதில்லை' என்ற வரி வரலாற்றின் அடியில், அக்காவின் விருந்தழைப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மேலே யாரோ புதுப் படம் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவரின் பெயரைப் பார்த்தேன்: அக்காவின் தங்கை கணவர். ஊர்ச் சனத்தின் நடுவில், தோளில் பிள்ளையோடு நிற்பதும் அவர்தான்.