சாம்பலனுக்கு ஏழு நியாயம்

லெஸ்லி அண்ணன் தங்கமான மனிதர் என்று தொடங்க எனக்கு விருப்பமில்லை. அரை மணித்தியாலம் அவரோடு கொமிக்ஸ் கதைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும், அந்த மனிதருக்கு ஒரு அறை விட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். எனக்கு அடிக்கடி துறுதுறுத்தது. நான் அடிக்கவில்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் படகு திருத்தும் கொட்டில் ஒன்றில் முப்பது வருடம் வெல்டிங் செய்தவர் அவர். அன்புவழிபுரத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி இன்பமலர் அக்கா வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பார். வேலை முடிந்ததும் அண்ணன் குளித்து, கழுத்தில் பவுடர் பூசிக்கொண்டு, பஸ் நிலையத்தடியில் இருக்கும் என் போன் திருத்தும் கடைக்கு வருவார். கடையில் போன் திருத்த வந்தவன்கூட அவரிடம் மாட்டிக்கொண்டு சாகச வீரர் கதை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நாங்கள் ஒரு பதினைந்து பேர் அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள். இந்தியாவிலிருந்து வரும் கொமிக்ஸ் பார்சல் என் கடை விலாசத்துக்கு வரும். ஒரு பிரதி, பதினைந்து பேர், முறை வைத்து வாசிப்போம். அதில் ஒரு கட்டாயச் சட்டம் உண்டு, அதற்குப் பெயர் வாய்ப்பூட்டு. ஒரு தொடர்கதை வந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. முழுத் தொடரும் முடிந்த பிறகு வாசிகசாலை மண்டபத்தில் கூடி, யாருடைய வீரன் பெரியவன் என்று ஒரு பகல் முழுக்க வாதாடுவோம். அன்றைக்குத்தான் பூட்டுத் திறக்கும்.

என் வீரன் இடியன். கப்பலை ஒரு கையால் தூக்குவான், தோற்றதே கிடையாது. எங்கள் கூட்டத்தில் இருந்த வாத்தியார் சிவரூபன் சேருக்கு ஆயிரஞ்செவி, ஊரில் யார் அழுதாலும் காதில் விழுவதால் நித்திரையே இல்லாதவன். லெஸ்லி அண்ணனுக்குச் சாம்பலன். கப்பல் இயந்திர அறையில் வெந்து பிழைத்த தொழிலாளி, அதன் பிறகு நெருப்பு அவனைச் சுடாது. ஆனால் நெருப்புக்குள் இருந்து ஒருவரைத் தூக்கிவரும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய ஞாபகம் ஒன்று எரிந்து போகும். அறுபதாவது புத்தகத்தில் பெற்ற தாயின் பெயரே அவனுக்கு மறந்துவிட்டது. இடியன் கொடுப்பது தன்னிடம் மிஞ்சிக் கிடப்பதை, சாம்பலன் கொடுப்பது தன்னையே என்று அண்ணன் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சல்.

இரண்டு வருடத்துக்கு முந்திய வாதாட்டத்தில், இடியன் யாருக்கும் முழந்தாளிட்டதில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணன் எழும்பி, அவன் முழந்தாளிட்டது எத்தனையாவது புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று சொல்லி, என்னைக் காட்டி, இந்த நௌபர் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கிறவன் போல என்றார். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் என் மகள் றுஷ்தாவும் சிரித்தாள். அவளுக்கும் சாம்பலனைத்தான் பிடிக்கும். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன். அவள் சிரித்ததை மறக்க என்னால் ஏலவில்லை.

அடுத்த வருடம் அண்ணனுக்குச் சீனி வியாதி கண்ணில் இறங்கியது. வலக்கண் முழுதாகப் போய்விட்டது. இடக்கண்ணில் மங்கலாக ஆள் உருவம் தெரியும், எழுத்துத் தெரியாது. மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வந்து கண்ணுக்குள் ஊசி போட்டால் அந்த இடக்கண்ணையாவது வைத்துக்கொள்ளலாம், விட்டால் அதுவும் போகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்குள் ஊசி! நினைக்கவே எனக்குக் கூசும். அண்ணன் நடுங்கிக்கொண்டுதான் போவார். சாம்பலன் என்றால் பின்வாங்குவானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போவாராம். அக்கா சொல்லிச் சிரித்தார்.

அந்த நேரம்தான் சாம்பலனின் பெரிய தொடர் வரத் தொடங்கியது. ஏழு புத்தகம், மாதம் ஒன்று. யார் வாசித்துக் காட்டுவது? அக்காவுக்கு எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்பதே பிடிபடாது. நான் வாசிக்கிறேன் என்றேன், வாய்ப்பூட்டிலிருந்து எனக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது மனதில் கள்ளம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, கடை பூட்டியிருக்கும் நேரத்தில் போனேன். எழுத்தை மட்டும் வாசித்தால் அவருக்குக் காணாது. படத்தைச் சொல், முகத்தைச் சொல், புகை எந்தப் பக்கம் போகிறது சொல் என்று அரித்தெடுத்தார். பதினாலாம் பக்கத்தில் படகு எரிகிறது, யன்னலில் ஒரு பெண்குழந்தை, எழுத்தே இல்லாத படம். நான் வாய் திறக்க முதலே, உனக்குப் படம் பார்க்கத் தெரியாது, இடியனை வாசிக்கிறவனுக்குக் கண் எதற்கு என்றார். மண்டபத்துச் சிரிப்பு அப்படியே காதுக்குள் வந்தது. படத்தில் சாம்பலன் நெருப்புக்குள் பாய்கிறான். நான் சொன்னேன்:

“அவன் பிள்ளையப் பாக்கிறான் அண்ணே. பாத்திட்டுத் திரும்பி நடக்கிறான்.”

அண்ணன் அந்தப் படத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, காரணம் இல்லாமல் அவன் அப்படிச் செய்யமாட்டான் என்றார். அடுத்த வெள்ளி போனபோது காரணத்தோடு இருந்தார். இந்தப் பிள்ளையையும் தூக்கினால், முன்பு காப்பாற்றியவர்களின் முகங்களும் மறந்துவிடும், அவர்களை நினைத்துக்கொண்டிருக்க ஒரு ஆளாவது வேண்டும் அல்லவா என்றார். அட, புத்தகம் எழுதினவனுக்கே இது வந்திருக்காது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஏழு மாதம் ஓடியது, வாய்ப்பூட்டு இருந்ததே! வாசித்த மற்றப் பதின்மூன்று பேரும் அவரைக் கண்டால் சாம்பலன் என்ற பேச்சையே எடுக்கமாட்டார்கள். இரண்டாம் புத்தகத்தில் சாம்பலனைக் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க வைத்தேன். மூன்றாவதில் களவெடுக்க வைத்தேன். பூட்டை மீறிச் சிவரூபன் சேரிடம் மட்டும் சொன்னேன். அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்து, விடாதை, வாதாட்ட நாளன்று பார்ப்போம் என்றார். அண்ணன் ஒவ்வொரு அசிங்கத்துக்கும் இரவு பகலாக யோசித்து ஒரு நியாயம் கண்டுபிடித்தார். சாம்பலனைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் புத்தகத்தில் எனக்குக் கற்பனை வற்றிவிட்டது. சாம்பலன் கடற்கரையில் குந்திவிட்டான், இனி எழும்பமாட்டேன் என்கிறான் என்றேன். அண்ணன் இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார்.

“சரிதான்டா நௌபர். எத்தினை தரம் எண்டு நெருப்புக்குள்ள போறது? போதும் எண்டு இருக்கிறதுக்கும் ஒரு துணிவு வேணும்.”

அந்த மாதம் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை.

ஆறாம் புத்தகம் வந்த வெள்ளி இன்பமலர் அக்கா வாசல் படலையடியிலேயே என்னை மறித்தார். தையல் ஊசி சட்டைக் கழுத்தில் குத்தியபடி இருந்தது.

“ஊசிக்குப் போகமாட்டன் எண்டு இருக்கிறார் தம்பி. உங்கட சொல்லுத்தான் கேப்பார். ஒருக்காச் சொல்லுங்கோவன்.”

ஓம் அக்கா என்றேன். உள்ளே போனேன். ஒரு வசனம் போதும். அண்ணே, நான் சொன்னது பொய், அவன் குந்தவே இல்லை, நீங்கள் எழும்பிக் கிளினிக்குக்குப் போங்கோ. ஆனால் வாதாட்டத்துக்கு இரண்டே மாதம் இருந்தது. அவரைப் பார்த்து மண்டபம் சிரிப்பதை ஒரு தடவை நான் கேட்க வேண்டும். ஆறாம் புத்தகத்தைத் திறந்து, சாம்பலன் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறான் என்று வாசித்தேன். என்னை எந்தச் செருப்பால் அடித்தாலும் தகும். ஏழாவதையும் அப்படியே முடித்தேன். கிளினிக் மூன்று தடவை தவறியது.

வாதாட்ட நாளன்று அக்கா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சேட்டோடு அண்ணன் வந்தார். மேடைப் படியில் கால் தட்டுப்பட்டது, நான்தான் கைபிடித்து ஏற்றினேன். அவர் பேசினார். பிள்ளையை ஏன் விட்டான், கூட்டாளியை ஏன் காட்டிக்கொடுத்தான், ஏன் எழும்பவில்லை என்று புத்தகத்துக்கு ஒன்றாக ஏழு நியாயம். முதலில் சனம் முழித்தது. பிறகு சிவரூபன் சேர் தொடங்கிவைக்க, மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பகிடியை ரசிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணனும் சிரித்தார். நான் ஏழு மாதமாகக் காத்திருந்த சிரிப்பு அதுதான்.

றுஷ்தா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பிவிட்டாள்.

“அங்கிள், அவரு அந்தப் புள்ளயத் தூக்கிட்டு வந்தாரே. கடக்கரையில குந்தவே இல்ல. உங்களுக்கு ஆரு இப்பிடி வாசிச்சது?”

அண்ணன் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் பதினாலாம் பக்கத்தைச் சொன்னாள். அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு நான் நின்ற பக்கம் தலையைத் திருப்பினார். என் பெயரைச் சொல்லவில்லை. என் மகள் அவர் திரும்பிய பக்கம் பார்த்தாள், அங்கே அவளுடைய வாப்பா நான் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்து விழித்திரை கழன்றுவிட்டது, மூன்று மாதத்துக்கு முன் வந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இப்போது லெஸ்லி அண்ணனுக்குப் பகலும் ஒன்று, இரவும் ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் றுஷ்தா கிண்ணியாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப்போய் அந்த ஏழு புத்தகத்தையும் முதலிலிருந்து வாசித்துக் காட்டுகிறாள். என்னோடு மோட்டார் சைக்கிளில் வரமாட்டாள். வீட்டில் என்னோடு பேச்சும் இல்லை.

போன வெள்ளி நானும் போனேன். அண்ணன் கதிரையில் இருந்தார், றுஷ்தா கீழே பாயில் புத்தகத்தோடு இருந்தாள். அக்கா என்னைக் கண்டதும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர எல்லாம் என் வாயில் வந்தது. மழை வரும்போல இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். குரலில் கோபமே இல்லை.

“நீ சொன்ன சாம்பலன் நாசமாப்போனவன். அவனுக்கே நான் ஏழு நியாயம் கண்டுபிடிச்சனான். இப்ப ரெண்டு மாசமா உனக்கு ஒண்டு தேடுறன் நௌபர். ஒண்டும் வருகுதில்ல. ஏதும் இருந்தாச் சொல்லு, நான் நம்புறன்.”

மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பேச்சு நின்ற பிறகு முதல் தடவையாகப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நியாயம் வேண்டியிருந்தது. நான் என் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். படலையைத் தாண்டும்போது, விட்ட இடத்திலிருந்து அவள் வாசிக்கத் தொடங்கியது கேட்டது.