எட்டை ஒன்பது என்றேன்

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம், செம்பாக்கத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் கோளாறை வெறும் ஒயர் துண்டை வைத்தே கண்டுபிடித்துச் சரிசெய்தேன். தாம்பரம் வட்டாரத்தில் அதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

சரி, பொய். கண்டுபிடித்தது காருக்குச் சொந்தக்காரரான அக்கா. கோளாறை உண்டாக்கியது மட்டும்தான் நான். வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறவன் நான், மெக்கானிக் இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடம் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது பேனட்டுக்குள் இருக்கும் என்பதுதான்.

அந்த அக்கா காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் லேபில் வேலை பார்க்கிறவர். கார் சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, முப்பது வருஷப் பழசு, வெளிநாட்டு வண்டி. உட்கார்ந்தால் தரையில் சப்பணம் போட்ட மாதிரி இருக்கும். அக்கா ஆசைப்பட்டுத் தேடித் தேடி வாங்கியது. அவர் வீட்டுக்காரருக்கோ அதைக் கண்டாலே ஆகாது. "ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்ல, இதுக்குப் பேரு காராம்" என்பார்.

பூஜைக்கு முந்தின நாள் அக்கா வண்டியை என்னிடம் கழுவ விட்டார். "தம்பி, வெளியில மட்டும் போதும். பேனட்டைத் தொறந்துடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாமிக்கு முன்னால் நிற்கப் போகிற வண்டி, உள்ளே முழுக்கப் புழுதி. முகத்தைக் கழுவிவிட்டுப் பல் விளக்காமல் கோயிலுக்குப் போகலாமா? திறந்தேன். பிரஷர் பைப்பைப் பிடித்தேன். ஒரு கறுப்புப் பெட்டியில் அழுக்கு அதிகம். அதற்கு மட்டும் இரண்டு சுற்று.

பூஜை முடிந்து இரண்டாம் நாள் கேம்ப் ரோடு சிக்னலில் கார் குலுங்கி நின்றுவிட்டது. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தபடியே இருந்தது. வீட்டுக்காரர் காத்திருந்த நாள் வந்துவிட்டது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பழைய வண்டி வாங்கும் ஆள் ஒருவரைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு.

சனிக்கிழமை காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டார். ரிப்பேருக்கு இல்லை, எண்ணுவதற்கு. இந்த மாதிரி பழைய வண்டிகள் கோளாறை விளக்கை மினுக்கிச் சொல்லுமாம். பேனட்டுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு ஓட்டைகளை ஒயரால் இணைத்துப் பிடித்தால், டேஷ்போர்டு விளக்கு விட்டு விட்டு எரியும். எத்தனை தடவை எரிகிறதோ அதுதான் கோளாறின் நம்பர். ஒயரைப் பிடிக்க அக்கா, விளக்கை எண்ண நான்.

பேனட்டைத் திறந்ததும் அக்கா நின்றுவிட்டார். உள்ளே எல்லாம் பளபள.

"தம்பி, உள்ள தண்ணி அடிச்சியா?"

"சேச்சே, இன்னாக்கா நீ! காஞ்ச துணில சும்மா ஒரு தொடை தொடச்சேன், அவ்ளோதான்."

சீட்டில் இறங்கி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். மினுக், மினுக் என்று எட்டு தடவை. நிறுத்தி, மறுபடியும் எட்டு.

"எட்டுக்கா!"

அக்கா போனில் பட்டியலைப் பார்த்தார். "எட்டுன்னா, இன்ஜினுக்குள்ள போற காத்தை அளக்குற சென்சார்" என்று சொல்லிக்கொண்டே நேராக அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் கையை வைத்தார். நான் ஸ்டியரிங் பக்கம் குனிந்துகொண்டேன்.

"இது சும்மா போகாதே... தண்ணி கிண்ணி பட்டாத்தான். நீ காஞ்ச துணிதானே போட்ட?"

"ஆமாக்கா. எலி ஏதாச்சும் கடிச்சிருக்கும்."

"எதுக்கும் இன்னொரு தடவ எண்ணு."

எண்ணினேன். எட்டுதான். வாய் மட்டும் தானாக "ஒன்பதுக்கா" என்றது.

அந்தப் பட்டியலில் ஒன்பது என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பித்தால் போதும் என்று பார்த்தேன். அது இன்ஜினின் சூட்டை அளக்கும் சென்சாராம். இங்கே கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம். அக்கா ஒயரைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டார்.

"சரிங்க, அந்த ஆளை நாளைக்கு வரச் சொல்லிடுங்க" என்றார்.

நான் சீட்டிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். அவ்வளவு தாழ்வான வண்டியிலிருந்து ரோஷமாக எழவே முடியாது. தவழ்ந்துதான் வெளியே வந்தேன்.

"அக்கா, எட்டுக்கா."

"என்னது?"

"ஒம்போது இல்ல, எட்டு. நான்தான் உள்ள தண்ணி அடிச்சேன். அந்தப் பொட்டிக்கு ரெண்டு ரவுண்டு. பயந்துகினு மாத்திச் சொல்லிட்டேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை மறுபடி காதில் வைத்தார். "இல்லங்க, வர வேணாம்னு சொல்லிடுங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. கழுவுனவன்தான் சரியில்ல."

அந்தக் கறுப்புப் பெட்டியில் சொருகியிருந்த ஒயரைக் கழற்றினார். உள்ளே ஈரம்; பித்தளைக் கம்பிகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. அதை டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு முடி காய வைக்கும் டிரையரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பக்குவமாக யாரும் தலை காய வைத்திருக்க மாட்டார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, திரும்ப மாட்டினால் பழைய நம்பர் அழிந்துவிடுமாம். மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். ஒரு குலுக்கல் இல்லை. விளக்கும் அணைந்துவிட்டது.

"ஏறு தம்பி. நடுவுல நின்னுச்சுன்னா நீதான் தள்ளணும்" என்றார்.

கேம்ப் ரோடு சிக்னல் வரைக்கும் போனோம். சிவப்பு விழுந்தது, கார் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வண்டியே என்னுடையது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா என்னைப் பார்த்து...

"யோவ் மச்சான், இன்னாத்த எழுதிக்கினு கீற? ஆட்டோ எவ்ளோ நேரமா நிக்குது, வந்து கழுவு!"

கடை வாசலில் ஆட்டோக்காரக் கூட்டாளி கூப்பிடுகிறான், எழுதுவதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் கையால் ஏதாவது கெட்டால், எவரும் கேட்கும் முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். திட்டு என்னவோ அதே அளவுதான் விழுகிறது, ஆனால் அதை வாங்கிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது.