சடங்கு முடியட்டும் என்ற அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையான என் வணக்கம்.

அண்ணன் பிறந்தது ஏரலில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. பள்ளியை விட்டுவிட்டுத் தச்சநல்லூரில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சொந்தக் கடை வைத்தார். என்னை டீச்சராக்கியதும் கட்டிக்கொடுத்ததும் அவரே. பேச்சில்தான் சிக்கனம், அவியலை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்று: தன் உடம்புக்கு வந்ததை வெளியே சொல்ல மாட்டார்.

சென்ற ஆண்டு பெரியவளான என் மகளின் சடங்குக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு எட்டு நாள் முன்பு, பழுது பார்த்த சைக்கிளை ஓட்டிப் பார்க்கப் போனவர், குறுக்கே ஆடு வந்ததில் விழுந்தார். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தியது. வெளியே தெரிந்தது நாலணாக் காசு அகலத்துக்கு ஒரு கன்றல் மட்டுமே. ஊசி போட்ட உள்ளூர் டாக்டர், வலி நிற்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னாராம். வலி நிற்கவில்லை. தன் மனைவியான என் மதினியிடம் வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தார். டாக்டர் சொன்னதை என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஏட்டி, ஒம் மாப்ள வீட்ல மூச்சு விட்டுராத. மாமன் சீருக்குப் பயந்து ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கிட்டான்னு பேசுவாங்க. சடங்கு முடியட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்."

நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கும் அந்தப் பேச்சுக்குப் பயம். சடங்கு தள்ளிப்போய்விடக் கூடாது என்ற ஆசையும் இருந்தது. அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

சடங்கு அன்று பட்டும் மாலையும் வைத்த தாம்பாளத்தைத் தலையில் சுமந்து மேளத்தோடு வந்தார். முகம் வெளிறி வேர்த்திருந்தது. "அண்ணாச்சிக்கு மருமவளப் பாக்கப் போறதுலயே வேத்துட்டு வே!" என்று ஒருவர் கேலி செய்ய, அண்ணனும் சிரித்தார். பந்தியில் அவியலைத் தொடவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த இலைக்குப் பாயசம் வந்ததா என்று கேட்கப் போனேன்.

சடங்கு முடிந்த மூன்றாம் நாள் காலை, கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவர் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே முழுக்க ரத்தம்.

"விழுந்த அன்னைக்கே ரத்தக் குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கு. பழைய டியூப் மாதிரி பையப் பையப் புடைச்சு, இன்னைக்கு வெடிச்சிட்டு. முன்னாலயே வந்திருந்தா வழி இருந்திருக்கும்" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

புடைத்த டியூபோடு எந்தச் சைக்கிளையும் அண்ணன் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு அவர் போய்விட்டார். வயது நாற்பத்து மூன்று.

ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், கடைசிவரை போராடிய மருத்துவர்களுக்கும், தாதியருக்கும், பதினாறு நாளும் சாப்பாடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை எழுதும் முன் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "ஏளா, எழுது. வயித்துல அடிபட்டா ஒளிக்கக் கூடாதுன்னு நாலு பேராவது தெரிஞ்சுக்கிடட்டும்" என்றார். என் கணவரும் அவர் வீட்டாரும் இம்மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

சடங்கு முடிந்து ஓராண்டாகிவிட்டது, அண்ணே. சொல்லிவிட்டேன்.