பம்பரில் பூத்த வெள்ளை

மெழுகு பாலிஷ் பூசுவது எவனுக்கும் வரும், அதைத் துடைத்து எடுப்பதுதான் வேலை என்பது குணாவின் கட்சி. பூசி முடித்ததும் பெயின்ட் பளபளக்கும், பார்த்தவன் வாயைப் பிளப்பான். ஆனால் கறுப்பு பம்பரின் சொரசொரப்பிலும் கண்ணாடியைச் சுற்றிய ரப்பரிலும் கதவிடுக்கிலும் மிச்ச மெழுகு காய்ந்து வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். அதைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மூஞ்சிக்கு பவுடர் அடிச்சிகினு கழுத்துல வழியவுட்ட மாதிரி" என்று திட்டுவான்.

சந்தவாசல் பக்கம் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்த தனகோடி 1996-ல் மெரூன் நிற மாருதி ஆம்னி வாங்கியபோது டிரைவராகச் சேர்ந்தான். சேலைக் கட்டுகளைக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோக வேண்டும், திரும்பி வந்து வண்டியைத் துடைக்க வேண்டும். துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. தறியில் பழுதாகி வெட்டிப்போட்ட பட்டுத் துண்டுகள் மூட்டையாய்க் கிடந்தன. பட்டால் வண்டி துடைக்கும் ஆடம்பரம் ஆரணியை விட்டால் வேறெங்கே நடக்கும்?

பம்பர் வெள்ளைக்கு அவன் கண்டுபிடித்த மருந்து மல்லாட்டை. வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. வறுத்து நசுக்கி, துணியில் முடிந்து தேய்த்தால் அதன் எண்ணெய் மெழுகை இளக்கிவிடும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவாவிட்டால் எறும்பு ஊர்வலம் கிளம்பும். அதையும் ஒரு தடவை கடி வாங்கித்தான் தெரிந்துகொண்டான்.

2001-ல் தனகோடிக்கு நெஞ்சுவலி வந்தது. குணா வேலூருக்கு வண்டியை விரட்டிய விரட்டில்தான் உயிர் தங்கியது என்று டாக்டரே சொன்னார். தனகோடியின் மனைவி தெய்வநாயகி ஆஸ்பத்திரி வாசலிலேயே குணாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்களுக்கு வேற வண்டி வரட்டும் குணா. அன்னிக்கு இந்த வண்டி உனக்குத்தான். என் தாலி மேல ஆணை."

இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன உறுதி வேண்டும்? வாடகை வண்டி ஓட்டும் சொந்தக்காரனாகத் தன்னை அவன் அன்றே பார்த்துவிட்டான். வேலூர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்ட ஆள் கேட்டு வந்தபோது, முடியாது என்று சொல்லி அனுப்பினான். மனைவி அம்மணிக்கு அது பிடிக்கவில்லை.

"வாய் வார்த்தைய நம்பிகினு நல்ல வேலைய வுட்டுட்டியே. எழுதியாவது வாங்கினியாய்யா?"

"தாலி மேல ஆணை வெச்சவங்ககிட்ட போயி பத்திரம் கேக்க சொல்றியா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தான். அதன்பின் அம்மணியும் ஆசைப்பட ஆரம்பித்தாள். பின் கண்ணாடியில் 'ரேணுகாம்பாள் துணை' என்று எழுத வேண்டும் என்பது அவள் கட்டளை.

2004 ஆடியில் தனகோடி புது வண்டிக்குச் சொல்லிவைத்தார். குணா கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், ஆம்னி இருந்த கோலம் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. யாரோ வெயிலில் நிறுத்தி மெழுகை அள்ளிப் பூசியிருந்தார்கள். முகப்பில் திட்டுத் திட்டாய்க் காய்ந்து கிடந்தது, பம்பர் நரைத்துப் போயிருந்தது.

"இன்னாக்கா இது? யாரு பண்ண வேல?"

"நம்ம பையன் விக்னேஷ்தான். காலேஜ் லீவுல சும்மா இருக்க முடியாம பூசி வெச்சிட்டான்" என்று தெய்வநாயகி சிரித்தாள். "உன் வண்டிதானே, நல்லா தொடச்சி வை. வெள்ளிக்கெழம நல்ல நாளு."

அவ்வளவுதான், குணாவுக்குத் தலைகால் புரியவில்லை. விக்னேஷைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே வேலையில் இறங்கினான். ஈரத் துணியால் திட்டுகளை ஊறவைத்து, பட்டால் வழித்தெடுத்தான். பம்பரின் ஒவ்வொரு சொரசொரப்பிலும் மல்லாட்டை முடிச்சை வைத்துத் தேய்த்தான். பின்கதவில் வண்டிப் பெயரின் எழுத்திடுக்குகளைத் தீக்குச்சி முனையில் துணி சுற்றிச் சுரண்டினான். இத்தனை வருடம் சம்பளத்துக்குத் துடைத்தவன், இப்போது தனக்காகத் துடைத்தான். விரல் நுனி தோலுரிந்தது. அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மணியையும் அழைத்து வந்தான். அவள் கூடையில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை, நான்கு சக்கரத்துக்கும் வைக்க நான்கு எலுமிச்சம்பழம். வாசலில் புது வண்டி நின்றது. ஆம்னியைச் சுற்றி யாரோ ஒருவர் நடந்துகொண்டிருந்தார். சேத்துப்பட்டில் ரைஸ்மில் வைத்திருக்கும் பன்னீர்செல்வமாம். அவர் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தார்.

"அன்னிக்கு வந்து பாத்தப்போ வெள்ள வெள்ளையா இருந்துச்சி. மட்டமா பெயின்ட் அடிச்சி தலையில கட்டறாங்களோன்னு வேணான்னுட்டு போயிட்டேன். சுத்தமா தொடச்சி காட்டறோம்னு போன் போட்டாங்க. இப்ப புதுசு மாதிரி இருக்குதே!" என்றவர் குணாவைப் பார்த்தார். "நீதான் டிரைவரா? வண்டியோட நீயும் வந்துடுவேன்னு சொன்னாங்க. திங்கக்கெழம வந்துடுப்பா."

குணாவுக்கு அப்போதுதான் விளங்கியது. விக்னேஷ் விளையாட்டுக்குப் பூசவில்லை, விற்பதற்குப் பூசியிருக்கிறார்கள். பூசத் தெரிந்தவர்களுக்குத் துடைக்கத் தெரியவில்லை, அதற்கு இவன் வேண்டியிருந்தான். தனகோடி புது வண்டியின் சீட்டு உறையில் ஏதோ ஆராய்ச்சியில் இருந்தார்.

"நல்ல எடம் வந்துச்சி குணா" என்றாள் தெய்வநாயகி. "உன்ன நடுத்தெருவுல வுட்டுடுவமா? அதான் உன் வேலையும் சேத்தே பேசினோம்."

அவள் கை தானாகக் கழுத்துத் தாலிக்குப் போனது. குணா அதைச் சொல்லிக்காட்டவில்லை. சாவியை டிரைவர் சீட்டின் மேல் வைத்தான்.

"விக்கப் போறோம்னு சொல்லியிருந்தாலும் தொடச்சிதாங்க்கா குடுத்திருப்பேன். அது என் வேல. உன் வண்டின்னு ஏங்க்கா சொன்னீங்க?"

பன்னீர்செல்வம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போவுதும்மா. எலுமிச்சம்பழம் வெச்சி எடுத்துடலாமா?"

யாரும் வாங்கி வைத்திருக்கவில்லை. தெய்வநாயகி அங்குமிங்கும் பார்த்தாள், கண் கூடையில் வந்து நின்றது.

"அம்மணி, உன்கிட்ட இருக்குதே. அத குடேம்மா."

அம்மணி கூடையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"இது எங்க வண்டிக்கு வாங்கனதுங்க" என்றாள்.